பணியாரச் சட்டியில் நாய்ச்சோறு: வீட்டிலேயே செய்யும் என்ரிச்மென்ட் பொம்மைகள்

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. அதற்கென்று ஒரு பிரம்புக்கூடை நிறையப் பொம்மைகள்: அமுக்கினால் கீச்சிடும் கோழி, கயிற்று எலும்பு, முள் வைத்த ரப்பர் பந்து. போன மாதம் அது சோபாவின் ஒரு கையைப் பிய்த்து, பஞ்சைக் கூடம் முழுக்கப் பரப்பி, அதன் நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "இவ்வளவு என்ரிச்மென்ட் வாங்கிக் குடுத்தும் இப்படிப் பண்ணுதே" என்று அந்த வீட்டு அக்கா அலுத்துக்கொண்டார்.

எனக்கு அதில் நாயின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. கூடையில் இருந்த எதுவும் தராத ஒன்றை அந்த சோபா தந்திருக்கிறது. அது என்னவென்று பிடிபட்டுவிட்டால், பரணில் கிடக்கும் பழைய துண்டும் சமையலறைப் பாத்திரமும் போதும்.

நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் என்ரிச்மென்ட் என்ற சொல் இப்போது மூன்று அர்த்தத்தில் புழங்குகிறது. பொம்மை வாங்குவது, நாயைக் களைப்பாக்குவது, ஆள் இல்லாத நேரத்தில் அதன் வாயை அடைப்பது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் முழு விஷயம் வராது.

## சொல் எங்கிருந்து வந்தது

என்ரிச்மென்டைத் தமிழில் செறிவூட்டல் என்று சொல்லலாம்தான். சொன்னால் ரேஷன் அரிசியும் யுரேனியமும்தான் நினைவுக்கு வரும். அதனால் நாய்க்காரர்கள் சொல்கிறபடியே என்ரிச்மென்ட் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு விலங்கு தன் இயல்புப்படி செய்யத் துடிக்கும் வேலைகளை, அது அடைபட்டிருக்கும் இடத்திலும் செய்துபார்க்க வழி பண்ணிக்கொடுப்பது: இதுதான் பொருள்.

இந்த யோசனை நாய்க்காரர்களுடையது அல்ல. குரங்குகளையும் உயிரியல் பூங்காக்களையும் வைத்து வளர்ந்தது. கூண்டிலிருக்கும் குரங்கினங்களுக்கு விளையாடவும் வேலை செய்யவும் கருவிகள் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் 1925லேயே எழுதினார். 1970களில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் கிப்பன் குரங்குகளுக்கு நெம்புகோல்களை வைத்தார். இழுத்தால் உணவு வரும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த குரங்குகள் தாவித் தாவி வேலை செய்தன.

வீட்டு நாயைக் கூண்டுக் குரங்கோடு ஒப்பிடலாமா என்று கோபம் வரலாம். ஒரு நல்ல லாட்ஜில் உங்களை ஒரு வருடம் தங்கவைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏசி உண்டு, மெத்தை உண்டு, காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அதே சாப்பாடு கதவருகே வந்துவிடும். போன் கிடையாது, புத்தகம் கிடையாது. மாலையில் ஒருவர் வந்து இருபது நிமிடம் வெளியே கூட்டிப்போவார். எந்தத் தெரு, எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர் இஷ்டம். நாலாவது மாதம் நீங்களும் தலையணையைப் பிய்ப்பீர்கள்.

ஆக, என்ரிச்மென்ட் என்பது நாய் செய்யும் வேலை. பொம்மை அதற்கான கருவி. கருவியைக் கூடையில் குவித்துவைத்தால் வேலை நடக்காது.

## முருங்கைக்காயும் ஓசிச் சோறும்

சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காயைப் பல்லால் இழுத்துச் சாப்பிடுகிறோம். யாராவது சதையை எல்லாம் வழித்தெடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் அதே ருசி இருக்குமா? சத்து அதேதான், வேலையும் மிச்சம். இருந்தும் ஏதோ குறைகிறது.

விலங்குகளிடமும் இது உண்டு. 1963ல் கிளென் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு இரண்டு வழி வைத்தார். ஒரு பக்கம் கிண்ணம் நிறைய இலவச உணவு. இன்னொரு பக்கம் ஒரு கம்பி, அழுத்தினால்தான் உணவு விழும். கிண்ணம் அங்கேயே இருக்க, பல எலிகள் போய்க் கம்பியை அழுத்தின. இதற்கு கான்ட்ராஃப்ரீலோடிங் என்று பெயர். ஓசிச் சோற்றை ஒதுக்கிவிட்டு உழைத்துத் தின்பது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நாய்கள் எப்போதுமே உழைத்துச் சாப்பிடத்தான் விரும்பும்" என்று இதை இழுத்துப் பேசுபவர்கள் நிறையப் பேர். 2024ல் வெளியான ஒரு ஆய்வில் வீட்டு நாய்களுக்கு வெறும் தட்டிலும், துணிக்கீற்றுகளுக்குள் தேடி எடுக்கவேண்டிய மோப்பப் பாயிலும் உணவு வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தட்டையே முதலில் நாடின. ஆனால் பாயிலும் போய்த் தேடத் தயாராக இருந்தன. நாய்க்கு உழைப்பின் மேல் பக்தி ஒன்றும் இல்லை. எளிதாக இருந்தால், பழகியிருந்தால், பலன் தெரிந்தால் தேடும்.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடித்தது. ஸ்வீடனில் பீகிள் நாய்களை வைத்துச் செய்தது, 2014ல் வெளியானது. சில நாய்கள் ஒரு கருவியை இயக்கக் கற்றுக்கொண்டு பரிசு பெற்றன. மற்ற நாய்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், அதே அளவு பரிசு கிடைத்தது. தாமாகவே சாதித்த நாய்கள் அடுத்த முறை அந்த அறைக்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓடின. சும்மா பரிசு வாங்கியவை போகப்போக உள்ளே வரவே தயங்கின.

இதுவரை சொன்னது: உணவு மட்டும் நாய்க்குப் போதாது. "நான் செய்தேன், கிடைத்தது" என்ற தொடர்பு அதற்கு ஒரு தனி இன்பம்.

## மூக்குக்குப் பின்னால் நடப்பது

அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது? மூளையில் டோபமைன் என்றொரு ரசாயனம் சுரக்கிறது. ஒன்றை நோக்கி ஆவலோடு போகவைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இன்பம் கிடைத்த பிறகு சுரப்பது என்று அதைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில், கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே அது வேலையை ஆரம்பித்துவிடும். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் பாலூட்டிகளின் மூளையில் உள்ள இந்த அமைப்புக்குத் தேடல் அமைப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். எலி மண்ணைக் கிளறுவதும், நாய் குப்பைத்தொட்டியை முகர்வதும், நாம் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் இதன் கைங்கரியம்.

நாய் தேடுவது மூக்கால். மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாய்க்குப் பத்துக் கோடியைத் தாண்டும். சில இனங்களில் இருபது, முப்பது கோடி வரை. மூச்சை விடும்போது நாசியின் ஓரத்திலுள்ள கீறல் வழியாகக் காற்று பக்கவாட்டில் போகிறது. அதனால் முன்னாலிருக்கும் வாசனை கலைவதில்லை. நாம் ஒரு அறைக்குள் நுழைந்து சுற்றிப் பார்ப்பதை அது முகர்ந்து செய்கிறது. "மோந்தது போதும், வாடா" என்று கயிற்றை இழுப்பது, பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவது மாதிரி.

ஷார்லட் டுராண்டன் என்ற ஆய்வாளரும் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு நாய்கள் இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு விளையாடின. இன்னொரு குழு எஜமானர் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி செய்தது. பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று சந்தேகமான இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பக் குழு முன்பைவிட வேகமாகப் போய்ப் பார்த்தது. "இருக்கும்" என்று நம்பியது என்று கொள்ளலாம். காலோடு நடந்த குழுவிடம் அந்த மாற்றம் இல்லை. நாயை வெறுமனே களைப்பாக்குவது வேறு, மூக்கைப் பயன்படுத்தித் தானே தீர்மானிக்கவிடுவது வேறு.

## வேட்டையின் எட்டுப் படிகள்

அப்புறம் அந்த சோபா. ஓநாய் இரை பிடிப்பதை ஒரு சங்கிலியாகப் பிரித்துச் சொல்வார்கள்: தேடு, உற்றுப் பார், பதுங்கு, துரத்து, கவ்வு, கொல், கிழி, தின். இதற்கு வேட்டைத் தொடர் என்று பெயர். மனிதன் நாய் இனங்களை உருவாக்கும்போது இதில் சில படிகளைக் கூர்மையாக்கி, சிலவற்றை மழுக்கிவிட்டான். ஆடு மேய்க்கும் கோலி இனத்துக்கு உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் உச்சத்தில் இருக்கும், கடிக்கும் படி மட்டுப்பட்டிருக்கும். முயல் வேட்டைக்கு வளர்த்த நம் சிப்பிப்பாறையும் கன்னியும் துரத்தப் பிறந்தவை. பீகிள் தேடியே வாழும். லாப்ரடாருக்குக் கவ்வுவதுதான் உயிர், வாயில் எதையாவது வைத்துக்கொண்டே திரியும். தெருவில் பிழைத்துப் பழகிய நாட்டு நாய் பெரும்பாலும் தேடுவதிலும் கிழிப்பதிலும் கெட்டி.

சோபாவைப் பிய்ப்பது கிழி என்ற படி. துணியைத் துளைத்தால் உள்ளிருந்து மென்மையாக ஏதோ வெளியே வருகிறது. ஒரு நாய்க்கு இதைவிட உற்சாகமான அனுபவம் அரிது. ரப்பர் எலும்பு ஆயிரம் ரூபாய் என்றாலும் கிழியாது. கிழியக் கூடாது என்றுதான் நாம் அதைத் தேர்ந்தெடுத்தே வாங்குகிறோம்!

பொம்மை செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி: என் நாய் எந்தப் படியில் கிறுக்கு? செருப்பைக் கடித்து ஒளித்துவைக்கிறதா, பேப்பரைக் கிழிக்கிறதா, பல்லியைத் துரத்துகிறதா? நீங்கள் திட்டும் விஷயத்திலேயே பதில் இருக்கும்.

## என்ன செய்யலாம்

கடைகளில் பிரபலமான காங் என்ற ரப்பர் பொம்மையே ஒரு வீட்டுக் கண்டுபிடிப்புதான். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தன் பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்க்கும்போது கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை அந்த நாய் விரும்பிக் கடித்தது. அந்த வடிவம்தான் இன்று உலகெங்கும் விற்கிறது.

எளிதிலிருந்து தொடங்குவோம். துண்டுச் சுருள். பழைய பருத்தித் துண்டை விரித்து, கோழித் துணுக்கோ உலர்தீனியோ தூவி, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். நாய் மூக்கால் தள்ளித் தள்ளி விரிக்கும். முதல் நாள் சுருட்டக்கூட வேண்டாம், ஒரு மடிப்பு போதும்.

மோப்பப் பாய் என்பது புல்வெளியின் நகல். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போடும் ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்பு ஒன்று வாங்குங்கள். பழைய வேட்டி, டி-ஷர்ட் ஆகியவற்றை மூன்று விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு ஓட்டையிலிருந்து அடுத்ததற்கு நுழைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். முடிச்சு கீழ்ப்பக்கம் வரக் கூடாது, துணி மேலே அடர்த்தியாக நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும், சொல்லிவிட்டேன். முடிந்ததும் ஒரு கைப்பிடி உலர்தீனியைத் துணிக்குள் தூவி நன்றாகக் கலைத்துவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் விழுங்கும் சாப்பாடு பத்து, பதினைந்து நிமிடத் தேடலாகிவிடும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுடும் நாட்களில், நடைப்பயிற்சியை அதிகாலைக்கு ஒதுக்கிவிட்டுப் பகலில் இதைக் கொடுக்கலாம்.

பணியாரச் சட்டி என் சொந்த விருப்பம். குழிக்கு ஒரு துணுக்கு வைத்து, மேலே ஒரு பந்து வைத்து மூடுங்கள். நாய் பந்தை நகர்த்தி எடுக்க வேண்டும். எல்லாக் குழியிலும் வைக்காமல் நாலில் மட்டும் வைத்தால் மூக்கை நம்பத் தொடங்கும். இரும்புச் சட்டி தரையில் நகராது என்பதால் இதற்கு அலுமினியத்தைவிட நல்லது. பந்து நாயின் வாய்க்குள் முழுதாக நுழைய முடியாத அளவில் இருக்க வேண்டும், சிறிய பந்து தொண்டையில் சிக்கும். (பணியாரத்துக்கு வேறு சட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் வீட்டில் உத்தரவு.)

இட்லித் தட்டு நக்குவதற்கு. நக்குவது பல நாய்களை அமைதிப்படுத்தும், பட்டாசு நாட்களில் நான் நம்பியிருப்பது இதைத்தான். உப்புப் போடாத தயிர், மசித்த பூசணிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எதுவானாலும் குழிகளில் தடவலாம். ஓட்டை வைத்த தட்டு என்றால் தயிர் ஒழுகும், கிழங்குதான் சரி. உலோகத் தட்டை அப்படியே ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்காதீர்கள், ஈரநாக்கு ஒட்டிக்கொள்ளும். உறைய வேண்டுமென்றால் டம்ளரில் உறையவிட்டு, தண்ணீரில் ஒரு நிமிடம் நிறுத்தி, கட்டியை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

கிழிக்கும் நாய்க்கு கூரியர் அட்டைப்பெட்டி. டேப், ஸ்டேப்ளர் பின், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, உள்ளே கசக்கிய செய்தித்தாள் உருண்டைகள், அவற்றுக்குள் இரண்டு மூன்று துணுக்குகள். பெட்டி கந்தலாகும், வீடு குப்பையாகும். அதற்காகத்தான் கொடுக்கிறோம். மூன்றாம் மாடி அக்கா முதல் நாள் ஒவ்வொரு துண்டாக ஓடி ஓடிப் பொறுக்கினார், நாயோ அவர் தன்னிடமிருந்து பறிக்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகக் கிழித்தது. முடியும் வரை உட்கார்ந்திருங்கள், பிறகு துடைப்பத்தை எடுக்கலாம். அட்டையைக் கிழித்துத் துப்பினால் கவலையில்லை, மென்று விழுங்குகிற நாய் என்றால் இந்த விளையாட்டே வேண்டாம்.

பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு உருட்டவிடுவதைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நாய் உருட்டுவதைவிட நசுக்கிக் கடிப்பதே அதிகம், பிளந்த விளிம்பு ஈறைக் கிழிக்கும்.

இதில் போகும் உணவெல்லாம் அன்றைய பங்கிலிருந்தே எடுப்பது. கூடுதல் தீனி என்றால் நாலு மாதத்தில் நாய் பூசணியாகிவிடும்.

## எவ்வளவு கடினமாக இருக்கலாம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வீடியோவில் யாரோ ஒருவரின் நாய் ஏழு அடுக்குப் புதிரைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, முதல் நாளே துண்டை முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். நாய் இரண்டு முறை தள்ளிப் பார்க்கிறது, குரைக்கிறது, போய்ப் படுத்துவிடுகிறது. "எங்க நாய்க்கு மூளை கம்மி" என்று தீர்ப்பு வந்துவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் குறுக்கெழுத்துப் போட்டியைக் கொடுத்த கதை.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. முதல் துணுக்கு அரை நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் விளையாட்டு கடினம், எளிதாக்குங்கள். ஒரு வாரம் தடையின்றி முடித்தால் ஒரு படி மட்டும் கூட்டுங்கள்: மடிப்பு, தளர்ந்த சுருள், இறுகிய சுருள், அதன் பிறகு முடிச்சு.

உணவை விட்டுவிட்டுப் பாயையே கடிக்கத் தொடங்குவது, உங்கள் முகத்தையே பார்த்து முனகுவது, கொட்டாவியும் உதட்டை நக்குவதுமாக விலகிப்போவது ஆகியவை எரிச்சலின் அறிகுறிகள். சரியாக அமைந்தால் முடிந்ததும் ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, தளர்ந்து படுக்கும்.

## ஆபத்து எங்கே இருக்கிறது

கால்நடை மருத்துவர்கள் அஞ்சுவது நூலுக்கும் நீளமான துணிக்கும். விழுங்கிய நூலின் ஒரு முனை எங்காவது சிக்கிக்கொண்டால் குடல் அதன் மேலேயே சுருங்கிச் சுருங்கி அறுபடும். அதனால் நைலான் சேலையைப் பின்னிக் கயிறாக்கிக் கொடுப்பது கூடாது. பருத்தியே ஆனாலும் நூல் பிரியத் தொடங்கினால் குப்பையில் போடுங்கள். சாக்ஸ், மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை ஆகியவை குடலை அடைக்கும். வேகவைத்த எலும்பு ஊசியாக உடையும். கொட்டாங்குச்சி இயற்கையானது என்று சிலர் கொடுக்கிறார்கள், உடைந்தால் அது கத்தி.

உள்ளே வைக்கும் உணவிலும் கவனம் வேண்டும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. நேற்றைய பிரியாணியிலிருந்து கறியைப் பொறுக்கிப் பாயில் தூவ நினைப்பவர்கள் மசாலாவில் வெங்காயமும் பூண்டும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிடால் என்ற இனிப்பூட்டி இல்லாததாகப் பாருங்கள், சிறு அளவே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலெனக் கீழே இறக்கிவிடும்.

ஆள் பார்வையில் இல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது என்பதால், "ஆபீஸ் போகும்போது கொடுத்துவிட்டுப் போகலாம்" என்ற யோசனை பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. தனிமையில் பதறும் நாய்க்கு இது மருந்தும் அல்ல. பதற்றத்தில் இருக்கும் நாய் சாப்பாட்டைத் திரும்பியே பார்க்காது. அதற்கு மருத்துவரையோ பயிற்சியாளரையோதான் பார்க்க வேண்டும்.

இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறை, மூடிய கதவு. ஒன்றே இருந்தாலும், நீங்கள் நெருங்கும்போது உடல் விறைத்து உறுமினால் பிடுங்காதீர்கள். தள்ளி நின்று இன்னும் ருசியான ஒன்றைத் தூரமாக வீசுங்கள், அது எழுந்து போனதும் எடுத்துவிடலாம்.

கடைசியாகச் சலவை. தயிரும் எச்சிலும் ஊறிய பாய் மூன்றாம் நாளே நாறும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நல்ல வெயிலில் துணிக்குள் ஈரம் போகும்வரை காயவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காய இரண்டு நாளாகும். பின்னும்போதே இரண்டாகப் பின்னிவிடுங்கள்.